சரியான ஒட்டு எது?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எங்கள் மதரஸாவில் ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் பெண்களுக்கான வகுப்பு நடைபெறுகிறது. திரைக்கு அப்பாலிருந்து சகோதரிகள் தங்கள் ஐயங்களைச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். சென்ற ஆண்டு அப்படி வந்த ஒரு சீட்டில் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது: "ஹஸ்ரத், துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பது எனக்கு விருப்பமான பொழுதுபோக்கு. ஒரு போர்வை முடிய ஏழெட்டு மாதங்கள் ஆகின்றன. வீட்டில் அதை வீண்வேலை என்கிறார்கள். மார்க்கத்தின் பார்வையில் இது வீண்தானா?"

நான் அதிகம் யோசிக்கவில்லை. கடைகளில் குறைந்த விலைக்குப் போர்வை கிடைக்கும் காலத்தில் ஏழெட்டு மாதங்களை அதற்குச் செலவிடுவது நல்லதன்று. அந்த நேரத்தில் குர்ஆன் ஓதலாம், பிள்ளைகளைக் கவனிக்கலாம் என்று கூறி அடுத்த சீட்டை எடுத்துவிட்டேன்.

அன்றிரவு உணவின்போது என் மனைவி சொன்னார்: "நீங்க சொன்னது அந்தப் பிள்ளைக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. அது மவுத்தாப்போன அவங்க உம்மாவோட சேலைங்க. தங்கச்சிமாருக்கு ஆளுக்கொண்ணு கொடுக்கணும்னு தைக்கிறாங்க."

கேட்டவரின் நிலையை அறியாமல் பதில் சொல்வது ஓர் ஆசிரியனுக்கு அழகன்று. அந்த உறுத்தலோடுதான் நம் முன்னோர்களின் வாழ்வில் ஊசிக்கும் ஒட்டுத்துணிக்கும் என்ன இடம் இருந்தது என்று நூல்களில் தேடத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

நபிகளார் இல்லத்து ஊசி

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாருக்கான பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னையவர்கள் விடையளித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். முஸ்னத் அஹ்மதில் உள்ள அறிவிப்பு இன்னும் விரிவானது. தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அது கூறுகிறது. ஊசியைக் கையில் எடுப்பது ஆண்மைக்குக் குறைவு என்று எண்ணுவோர் இந்த அறிவிப்பை மறந்துவிடக் கூடாது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் கிழிசலை ஒட்டுப்போட்டு உடுத்தியவர்களே. கஸீர் இப்னு உபைத் என்பவர் அன்னையவர்களைக் காணச் சென்றபோது, என் ஆடையைத் தைத்து முடிக்கும்வரை பொறுங்கள் என்றார்களாம். வெளியே போய் இதைச் சொன்னால் மக்கள் உங்களைக் கஞ்சத்தனம் உள்ளவராக நினைப்பார்களே என்று அவர் கேட்டார். பழையதை உடுத்தாதவருக்குப் புதியது என்று ஒன்று இல்லை என்ற கருத்தில் அன்னையவர்கள் பதில் சொன்னார்கள். இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரத் என்ற தொகுப்பில் இந்நிகழ்வு உள்ளது.

அது கஞ்சத்தனமன்று என்பதற்கு மற்றோர் அறிவிப்பு சான்றாகிறது. அன்னையவர்கள் எழுபதாயிரத்தைப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் தம் சட்டைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டதாக அவர்களின் சகோதரி மகன் உர்வா (ரஹ்) அறிவிக்கிறார்கள். கையிலிருந்த செல்வம் ஏழைகளுக்குப் போயிற்று. உடலில் ஒட்டுப்போட்ட ஆடை இருந்தது.

ஒட்டுப்போடும்வரை ஓர் ஆடையைப் பழையது என்று ஒதுக்காதே என நபி (ஸல்) அவர்கள் அன்னையவர்களுக்கு அறிவுரை கூறியதாகத் திர்மிதியில் ஒரு செய்தி உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதை ஹதீஸ் கலை அறிஞர்கள் சுட்டியுள்ளனர். எனவே அதை உறுதியான ஆதாரமாகக் காட்ட நான் முன்வரவில்லை. எனினும் அதன் கருத்துக்கு இணக்கமான வாழ்க்கையைத்தான் ஸஹாபாக்கள் வாழ்ந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அமீருல் முஃமினீனாக இருந்த நாளில், அவர்களின் இரு தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் போடப்பட்டிருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறுவதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவுசெய்துள்ளது. ஒட்டின்மேல் ஒட்டு என்றால், முதலில் போட்ட ஒட்டும் தேய்ந்து போயிற்று என்பது பொருள்.

கைத்தொழிலுக்கும் அந்தத் தலைமுறையில் மதிப்பு இருந்தது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோலைப் பதனிட்டுத் தைத்து, அதன் வருவாயைத் தர்மம் செய்தவர்கள். ஒரு பெண் தன் கைவேலையில் மகிழ்வதும் அதன் பயனைப் பிறருக்கு அளிப்பதும் உம்மஹாத்துல் முஃமினீன் காலத்திலேயே இருந்த வழக்கம்.

ஒட்டுப்போட்ட ஆடை அடையாளமானபோது

அடுத்த நூற்றாண்டுகளில் செல்வம் பெருகியது. உலகப்பற்றைத் துறந்து வாழ விரும்பிய சூஃபிகள் ஒட்டுப்போட்ட அங்கியைத் தம் உடையாகக் கொண்டனர். அரபியில் அதற்கு முரக்கஆ என்று பெயர். ஒட்டு என்ற பொருள்தரும் ருக்ஆ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. பிற்காலத்தில் பாரசீக, முகலாய அரசவைகளில் ஓவியங்களையும் எழுத்தணிகளையும் தாள்களில் ஒட்டித் தொகுத்த ஏட்டுக்கும் முரக்கா என்ற இதே பெயர் வழங்கியது.

ஏழ்மையின் அடையாளம் மதிப்பைப் பெற்றுத்தரத் தொடங்கியதும் அதிலே போலிகளும் புகுந்தன. இதைப் பற்றி இரண்டு பேரறிஞர்கள் எழுதியவை நம் சிந்தனைக்குரியவை.

முதலாமவர் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அலீ ஹுஜ்வீரி (ரஹ்). கஸ்னாவில் பிறந்து லாகூரில் அடங்கியவர். பாரசீகத்தில் அவர் எழுதிய கஷ்ஃபுல் மஹ்ஜூப் என்ற நூலில் ஒட்டுப்போட்ட அங்கியைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. அந்நூலில் அவர் கூறும் ஒரு நிகழ்வு: தூஸ் நகரில் அபுல் காஸிம் குர்கானி (ரஹ்) என்ற பெரியவரிடம், ஏழ்மை என்ற பெயருக்குத் தகுதிபெற ஒரு தர்வேஷிடம் குறைந்த அளவு என்ன இருக்க வேண்டும் என்று ஹுஜ்வீரி கேட்டார். மூன்று இருக்க வேண்டும் என்றார் பெரியவர். ஒட்டைச் சரியாகத் தைக்கத் தெரிய வேண்டும், சொல்லைச் சரியாகக் கேட்கத் தெரிய வேண்டும், தரையில் காலைச் சரியாக ஊன்றத் தெரிய வேண்டும்.

உடனிருந்த தர்வேஷ்கள் தங்குமிடம் திரும்பியதும் இதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினர். சரியாகத் தைப்பது என்றால் தையல் நேராக, அழகாக இருப்பது என்று சிலர் எடுத்துக்கொண்டனர். ஹுஜ்வீரியின் முறை வந்தது. தேவைக்காகப் போடப்படும் ஒட்டே சரியான ஒட்டு, பகட்டுக்காகப் போடப்படுவது அன்று. தேவைக்காகத் தைக்கப்பட்டிருந்தால் தையல் கோணலாக இருந்தாலும் அது சரியான தையல்தான் என்பது அவர் தந்த விளக்கம். இது பெரியவரின் செவிக்கு எட்டியபோது, அலீ நன்றாகச் சொன்னார் என்று அவர் துஆச் செய்தாராம்.

இரண்டாமவர் பக்தாதின் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்). 1201இல் மறைந்த ஹன்பலி அறிஞர். தல்பீஸு இப்லீஸ் என்ற நூலில் ஷைத்தான் ஒவ்வொரு பிரிவினரையும் எவ்வாறு ஏமாற்றுகிறான் என்று விவரிக்கும்போது ஒட்டு ஆடைக்காரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. வெவ்வேறு நிறத்தில் நல்ல ஆடைகளை எடுத்து, அவற்றைக் கிழித்து, துண்டுகளை அழகாக இணைத்துத் தைத்து உடுத்துகிறார்களே, இதற்கும் உமர் (ரலி) அவர்களின் ஒட்டுக்கும் என்ன தொடர்பு என்பது அவருடைய கண்டனத்தின் சாரம். ஆடை கிழிந்ததால் ஒட்டுப்போட்டவர்கள் முன்னோர்கள். ஒட்டுப்போடுவதற்காகவே ஆடையைக் கிழித்தவர்கள் பின்வந்தவர்கள். பெருமைக்காக உடுத்தும் ஆடையைப் பற்றிய நபிமொழி எச்சரிக்கை, விலையுயர்ந்த பட்டுக்கு மட்டுமன்றிப் பகட்டான கந்தலுக்கும் பொருந்தும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

சூஃபி வழியை ஏற்றவர் ஹுஜ்வீரி. அதைக் கடுமையாக விமர்சித்தவர் இப்னுல் ஜவ்ஸீ. எனினும் ஒட்டைப் பற்றிய விஷயத்தில் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். பார்க்க வேண்டியது துணியையன்று, தைத்தவரின் நிய்யத்தை.

சூடானில் நேர்ந்த மாற்றம்

இவ்விரு அறிஞர்களும் எச்சரித்த மாற்றம் அண்மை வரலாற்றிலும் நிகழ்ந்திருக்கிறது. 1881இல் சூடானில் முஹம்மது அஹ்மத் என்பவர் தம்மை மஹ்தி என்று அறிவித்து அன்றைய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். அவருடைய அந்த வாதத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவருடைய படையினர் முரட்டுப் பருத்தித் துணியில் ஒட்டுப்போட்ட ஜிப்பாவை உடுத்தினர். தொடக்கத்தில் அது எளிமையின் சின்னம். உண்மையாகவே கிழிந்து தைக்கப்பட்ட உடை. பின்னர் அதுவே படையின் சீருடையாகியது. கிழியாத புதுத்துணியின் மீது கருப்பு, சிவப்பு, நீல நிறத் துண்டுகள் இடமும் வலமும் ஒத்துப்போகும்படி அளந்து தைக்கப்பட்டன. தளபதிகளின் ஜிப்பாக்கள் இன்னும் நேர்த்தியாக அமைந்தன.

1898இல் உம்துர்மான் போரில் அந்த ஆட்சி வீழ்ந்தபோது, பிரிட்டிஷ் வீரர்கள் அந்த ஜிப்பாக்களை வெற்றிப் பொருள்களாக எடுத்துச் சென்றனர். அவற்றை இன்று பிரிட்டனின் அருங்காட்சியகங்களில் காணலாம். பதினேழே ஆண்டுகளில் ஏழ்மையின் ஒட்டு முதலில் சீருடையாகி, பின்னர் அதிகாரத்தின் அணியாகி, முடிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது.

பெண்களின் கைகளில்

ஆண்கள் ஒட்டைச் சின்னமாக்கிக்கொண்டிருந்த காலமெல்லாம், பெயர் பதியப்படாத எத்தனையோ பெண்கள் வீட்டு முற்றத்தில் அமர்ந்து ஒட்டுப்போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரலாறு நூல்களில் குறைவாகவும் துணிகளில் நிறைவாகவும் இருக்கிறது.

வங்காளத்தில் அதற்குக் காந்தா என்று பெயர். உடுத்தித் தேய்ந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போடுவார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கென்று தைக்கும் வழக்கம் மிகுதி. பழந்துணியின் மென்மையைக் குழந்தையின் உடல் தாங்கும் என்பது அனுபவ அறிவு. நம் வீடுகளிலும் பிறந்த பிள்ளையைச் சுற்றப் பழைய சேலையைத்தானே தேடுகிறோம்? வங்கக் கவிஞர் ஜஸீமுத்தீன் 1929இல் வெளியிட்ட நக்ஷி காந்தார் மாட் என்ற கதைக்கவிதை இந்தப் போர்வையை மையமாகக் கொண்டது. ரூபாய் என்ற கணவனைப் பிரிந்த சாஜு, தன் வாழ்வையும் துயரத்தையும் ஒரு காந்தாவில் தைத்து, தான் இறந்ததும் அதைத் தன் கப்ரின் மீது விரிக்கச் சொல்லிவிட்டு மரணமடைகிறாள். முஸ்லிம் கிராமத்து வாழ்வைச் சொல்லும் அக்கதை வங்காளிகள் பலரும் அறிந்தது. 1971 போருக்குப் பின் கணவரையும் வாழ்வாதாரத்தையும் இழந்த பங்களாதேஷ் பெண்கள் பலருக்கு இந்தத் தையலே பிழைப்புக்கு வழிசெய்தது.

சிந்து மாகாணத்தில் இது ரல்லி எனப்படுகிறது. கலத்தல், இணைத்தல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்த பெயர். அங்கே முஸ்லிம் பெண்களும் இந்துப் பெண்களும் இதைத் தைக்கிறார்கள். மணமகளின் சீர்வரிசையிலும் இதற்கு இடமுண்டு. மத்திய ஆசியாவில் குராக் என்ற பெயரில் முக்கோணத் துண்டுகளை இணைத்துத் தைப்பார்கள். அது கண்ணேறு தீர்க்கும் என்ற நம்பிக்கை சிலரிடம் உண்டு. அந்த நம்பிக்கைக்கு மார்க்கத்தில் இடமில்லை, கைவேலைக்கு உண்டு.

நமக்கு அண்டையில், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டுப் பகுதிகளில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் வாழ்கிறார்கள். கடல்வழியே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களில் பலர். முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து என மூன்று சமயத்தாரும் அவர்களுள் உண்டு. அவர்களின் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். பழைய சேலையை அடித்துணியாக விரித்து, ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். நான்கு மூலைகளிலும் துணியை மடித்துப் பூப்போல ஒரு முக்கோணம் வைத்தால்தான் போர்வை நிறைவடையும். முஸ்லிம் பெண்களின் சில போர்வைகளில் பிறை வடிவம் காணப்படும். 2004இல் அப்பெண்களுக்கென ஒரு கூட்டுறவு அமைப்பு உருவானபின் அவர்களின் கவந்திகள் வெளிநாட்டு அருங்காட்சியகங்கள்வரை சென்றுள்ளன.

இது பெண்களுக்கு மட்டுமே உரிய கலை என்று கருதவும் வேண்டாம். கெய்ரோவில் பாபு ஸுவைலா வாயிலுக்குத் தெற்கே 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கூரையிட்ட கடைவீதி ஒன்று இன்றும் கூடாரத் தையற்காரர்களின் பெயரால் வழங்குகிறது. கெட்டித் துணியின் மீது வண்ணத் துண்டுகளை ஊசியால் மடித்துத் தைத்துக் கூடாரத் திரைகளை உருவாக்குவோர் அங்கே ஆண்களே. திருமணத்துக்கும் ரமலானுக்கும் ஜனாஸா வீட்டுக்கும் அத்திரைகள் கட்டப்படும். அச்சடித்த மலிவான துணி வந்தபின் அந்தக் கைத்தொழில் நலிந்துவருகிறது.

மகிழ்ச்சியும் சலிப்பும்

இவற்றையெல்லாம் படித்த பிறகு, தையலில் தேர்ந்தவரான என் மனைவியிடம் அந்த வேலையைப் பற்றிக் கேட்டேன். மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவே பஞ்சு அல்லது பழந்துணி, அடியில் முழுத்துணி ஆகிய மூன்று அடுக்கையும் ஒன்றாகப் பிடித்து ஓட்டுத்தையல் போட வேண்டும். வெட்டும்போது ஒரு துண்டில் நூலளவு பிசகினால் இருபது துண்டுகள் சேரும்போது அந்தப் பிசகு விரலளவாகிவிடும். மூலைக்கு மூலை பொருந்தாது. பருத்தியோடு பாலியஸ்டரைச் சேர்த்தால், துவைத்ததும் ஒன்று சுருங்கி மற்றொன்று உப்பிக்கொள்ளும். முன்கூட்டியே அலசாத சிவப்புத் துணி ஒன்று போதும், வெள்ளைத் துண்டெல்லாம் கெட்டுவிட. விரலில் ஊசி குத்தாத நாளில்லை. பாதியில் மடித்துவைத்த போர்வை அலமாரியிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும்.

இவற்றில் எல்லாம் கடினமானது எது என்று கேட்டேன். "போட்ட தையலைப் பிரிக்கிறதுதான்" என்றார்.

திருக்குர்ஆனின் நஹ்ல் அத்தியாயத்தில் 92ஆம் வசனம் என் நினைவுக்கு வந்தது. உறுதியாக நூற்ற நூலைத் தானே துண்டுதுண்டாகப் பிரித்துவிட்ட பெண்ணைப்போல் ஆகிவிடாதீர்கள் என்பது அதன் கருத்து. சத்தியத்தையும் உடன்படிக்கையையும் முறிப்பதைப் பற்றி எச்சரிக்க அல்லாஹ் தேர்ந்துகொண்ட உவமை அது. பல ஆண்டுகள் இவ்வசனத்துக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். தைத்த வரிசையைப் பிரிப்பவரின் விரல்களை அருகிருந்து பார்த்த அன்றுதான், கொடுத்த வாக்கை முறிப்பது எத்தனை உழைப்பை அழிப்பது என்பது எனக்கு உறைத்தது. தவறைத் திருத்தப் பிரிப்பவர் மீண்டும் தைக்கிறார், அது பொறுமை. உவமையில் வரும் பெண்ணோ காரணமின்றிப் பிரிக்கிறாள்.

இந்த வேலையின் மகிழ்ச்சியும் அந்தப் பொறுமையிலேயே இருக்கிறது. கைலியின் கட்டங்களும் பிள்ளையின் பெருநாள் சட்டையும் மறைந்துபோன உம்மாவின் சேலையும் ஒரே விரிப்பில் அருகருகே அமர்ந்துவிடுகின்றன. தூக்கிப்போடப்பட இருந்தவை ஒரு குடும்பத்தைப் போர்த்துகின்றன.

திருத்திக்கொண்ட பதில்

இரண்டு வாரங்களுக்குப் பின் அதே வகுப்பில், யாரையும் சுட்டாமல், என் பழைய பதிலைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தேன். புதிய பதிலை இவ்வாறு சொன்னேன்:

மீந்த துணியையும் தேய்ந்த துணியையும் பயன்படுத்திப் போர்வை தைப்பது வீண்வேலையன்று; வீண்விரயத்தைத் தடுக்கும் வேலை. அதை உறவினருக்குக் கொடுத்தால் உறவைப் பேணுதல்; ஏழைக்குக் கொடுத்தால் தர்மம்; மனம் அமைதிபெறத் தைத்தால் அதுவும் ஆகுமானதே. ஆனால் மூன்று எல்லைகளை மறக்க வேண்டாம். தைப்பதற்காகவே புதுத்துணிகளை வாங்கி வெட்டிக் குவித்து, பாதியை அலமாரியில் அடைத்துவைத்தால், இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களின் கேள்வி நமக்கும் வரும். பாங்கொலி கேட்டபின்னும் ஊசி கையை விட்டு இறங்காவிட்டால், அண்ணலாரின் இல்லத்து வழக்கத்துக்கு மாறாகிவிடும். பிறர் பார்த்து வியக்க வேண்டும் என்பதே நோக்கமானால், தையல் எவ்வளவு நேராக இருந்தாலும் ஹுஜ்வீரி (ரஹ்) அவர்களின் கணக்கில் அது கோணல்தான்.

இறந்தவரின் ஆடைகள் வாரிசுகள் அனைவருக்கும் உரிய சொத்து என்பதையும் சேர்த்துச் சொன்னேன். எல்லாருடைய சம்மதமும் பெற்றுத் தைத்து, எல்லாருக்கும் கொடுப்பதே முறை. அந்தச் சகோதரி அப்படித்தான் செய்துகொண்டிருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன். அவர் என்னைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்.

அடுத்த வாரம் திரைக்கு அப்பாலிருந்து ஒரு சீட்டு வந்தது. கேள்வி எதுவும் இல்லை. "இரண்டாவது போர்வை முடிந்துவிட்டது, ஹஸ்ரத். ஒரு மூலை மட்டும் கோணலாகிவிட்டது. பிரிக்காமல் விட்டுவிட்டேன்" என்று எழுதியிருந்தது. வகுப்பில் அதை வாசிக்கவில்லை. மடித்து, கஷ்ஃபுல் மஹ்ஜூபின் அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அல்லாஹ் நம் கைகளின் வேலையிலும் நம் நேரத்திலும் பரக்கத் செய்வானாக. நம் நிய்யத்துகளைச் சீராக்குவானாக. அறியாமல் பிறர் மனத்தை நோகச்செய்த நம் சொற்களை மன்னிப்பானாக. ஆமீன்.